"சார், ஒரு நிமிஷம்…": இன்டர்ன்களின் கேள்விகளும் பதில்களும்

இன்டர்ன்ஷிப்பில் இருப்பவர்களும் அப்ரண்டிஸ்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஊர் வேறு, துறை வேறு. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதை யாரிடம், எந்த வார்த்தையில் கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் முடிந்தவரை வார்த்தைகளையே எழுதிக் காட்டியிருக்கிறோம்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஆறு வார இன்டர்ன்ஷிப். பத்து நாள் ஓடிவிட்டது. லேப்டாப் கொடுத்தார்கள், கோட் இருக்கும் ரெபாசிட்டரிக்கு ஆக்சஸ் மட்டும் வரவில்லை. மென்டருக்கு "ஹாய் சார்" என்று மெசேஜ் போட்டால் பதில் வருவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் தொல்லை என்று நினைப்பாரோ? *(வாசகி, திருச்சி)*

பதில்: ஆறு வாரம் என்பது முப்பது வேலைநாள். அதில் கால்வாசியாவது போய்விட்டது. இன்றைக்கே கேளுங்கள்.

"ஹாய் சார்" என்ற மெசேஜுக்கு ஏன் பதில் வருவதில்லை? இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் அவர் அதைப் பார்க்கிறார். பதில் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. "சொல்லுங்க" என்று எழுதினால் பேச்சு நீளும் என்று தள்ளி வைக்கிறார். அதற்குள் மேலே நாற்பது மெசேஜ் வந்து உங்களுடையது கீழே போய்விடுகிறது. அவருக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. படித்த உடனே செய்து முடிக்கக்கூடிய விஷயம் அந்த மெசேஜில் இல்லை, அவ்வளவுதான்.

எங்கே நிற்கிறது, நீங்கள் என்ன முயன்றீர்கள், அதனால் எந்த வேலை தடைப்படுகிறது, அவர் எதை எப்போதுக்குள் செய்ய வேண்டும்: இந்த நான்கும் ஒரே மெசேஜில் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். பில்லிங் ரெபாசிட்டரிக்கு எனக்கு இன்னும் ரீட் ஆக்சஸ் வரலை. திங்கள்கிழமை ஐ.டி. டெஸ்க்ல டிக்கெட் போட்டேன். 'மேனேஜர் அப்ரூவல் பெண்டிங்'னு காட்டுது. அது வந்தாத்தான் நீங்க கொடுத்த டெஸ்ட் கேஸ் வேலையைத் தொடங்க முடியும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அப்ரூவ் பண்ண முடியுமா? அதுவரைக்கும் பழைய டாக்குமெண்ட் படிச்சிட்டு இருக்கேன்."

டிக்கெட்டின் எண்ணையும் கூடவே போடுங்கள். பல நேரம் சிக்கல் இவ்வளவுதான்: அப்ரூவல் கேட்கும் மெயில் தானியங்கியாக வந்து, மென்டரின் இன்பாக்ஸில் படிக்கப்படாமலே கிடக்கும். உங்களுக்கு வேலை ஓடுகிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலையும் பதில் இல்லையென்றால், டீமில் அவரவர் வேலை நிலவரத்தைச் சொல்லும் ஸ்டாண்டப் மீட்டிங்கில் உங்கள் முறை வரும்போது "ஆக்சஸ் இல்லாம நிக்குது" என்று ஒரு வரி சொல்லுங்கள். அந்த மீட்டிங் இருப்பதே அதற்குத்தான். அதற்கும் அசையவில்லையென்றால், "சார், நீங்க பிஸியா இருக்கீங்க. இந்த அப்ரூவலை வேற யார்கிட்ட கேட்டா நடக்கும்?" என்று நேரில் கேளுங்கள். யாரையும் குறை சொல்லாமல் அடுத்த ஆளின் பெயர் கைக்கு வந்துவிடும். அவருக்குத் தெரியாமல் எச்.ஆரிடம் போவதைவிட இது நூறு மடங்கு நல்லது.

இன்னொன்றும் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்: செவ்வாயும் வெள்ளியும் பதினைந்து நிமிடம், நேரம் குறித்து, காலண்டரில். சந்தேகங்களை ஒரு நோட்டில் சேர்த்து அந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரே இடத்தில் அரை மணி நேரம் முட்டியும் நகரவில்லையென்றால் மட்டும் நடுவில் கேளுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சர்வரையோ டேட்டாவையோ தொடுகிற வேலையென்றால் அரை நிமிடம்கூட யோசிக்க வேண்டாம். கையை எடுத்துவிட்டு முதலில் கேளுங்கள்.

"சார்" என்று எழுதுவதா, பெயர் சொல்லி எழுதுவதா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். டீமில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே. "டிஸ்டர்ப் பண்றதுக்கு ஸாரி" என்று ஒவ்வொரு மெசேஜிலும் எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். கற்றுக்கொள்ள வந்தவர் கேட்பது தொந்தரவில் சேராது.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் என்.ஏ.டி.எஸ். (மத்திய அரசின் தொழிற்பழகுநர் பயிற்சி) திட்டத்தில் ஓராண்டு அப்ரண்டிஸாக இருக்கிறேன். ஒப்பந்தத்தில் மாதம் 8,000 ரூபாய்; கம்பெனியிலிருந்து 4,000தான் விழுகிறது. ஷிஃப்ட் முடிந்ததும் "இன்னும் நாலு மணி நேரம் இரு" என்கிறார்கள். போன வாரம் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினின் முன்பக்கக் கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பை) கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார் சூப்பர்வைசர். மறுத்தால் சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமா? *(வாசகர், காஞ்சிபுரம்)*

பதில்: நீங்கள் கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறோம். பணம் அடுத்த மாதம்கூட வரும். விரல் வராது.

பிரஸ்ஸில் கார்டைக் கழற்றுவது எதற்கு என்று உங்களுக்கே தெரியும். பீஸ் டையில் (அச்சில்) ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கார்டைத் திறந்து எடுத்தால் எண்ணிக்கை குறைகிறது. ஷிஃப்ட் டார்கெட் சூப்பர்வைசர் தலையில் விடிகிறது. அவருடைய நெருக்கடி உண்மைதான். ஆனால் அதற்குத் தீர்வு உங்கள் கை டைக்குள் போவது அல்ல. இப்படிச் சொல்லுங்கள்:

"அண்ணா, கார்டு இல்லாம இந்த பிரஸ்ல நான் கை வைக்க மாட்டேன். மாட்டிட்டா உடனே ஓட்டறேன். பீஸ் ஒட்டுதுன்னா டூல் ரூம்ல சொல்லி டையைப் பாக்கச் சொல்லலாம், எடுக்கறதுக்கு இடுக்கி கொடுங்க. அதுவரைக்கும் இன்ஸ்பெக்‌ஷன்லயோ பேக்கிங்லயோ நிக்கறேன்."

நீங்கள் மறுப்பது ஆபத்தை, வேலையை அல்ல. வேறு வேலைக்கு நிற்கிறேன் என்று நீங்களே சொல்லிவிட்டதால் "சோம்பேறி" என்று எழுத வழி இல்லை. அவர் பிடிவாதம் பிடித்தால் சேஃப்டி ஆபீசரிடம் போங்கள். தேதி, நேரம், மெஷின் எண், யார் என்ன சொன்னார் என்பதை அன்று இரவே நோட்டில் எழுதுங்கள். போனில் படம் எடுக்க வேண்டாம். பல தொழிற்சாலைகளில் உள்ளே போனுக்குத் தடை இருக்கிறது. பிறகு கார்டு பேச்சு போய் உங்கள் போன்தான் பேச்சாகிவிடும். தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விதிகள் அப்ரண்டிஸுக்கும் பொருந்தும் என்று 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் சொல்கிறது. பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இனி அந்த 4,000. என்.ஏ.டி.எஸ். திட்டத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதி அரசின் பங்கு. அது உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே கம்பெனி ஏமாற்றுகிறது என்று முடிவுகட்டும் முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது? பாஸ்புக் வாங்கும்போது ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வருவதற்காக இணைப்பது வேறு. பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த பழைய கணக்கோடு இணைந்திருந்தால் பணம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கலாம். அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் திரும்பியும் போயிருக்கலாம். மைஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கலாம்.

அது சரியாக இருந்தால் எச்.ஆருக்கு மெயில் போடுங்கள்: "ஒப்பந்தப்படி உதவித்தொகை 8,000. ஜூன், ஜூலை மாதங்களுக்குத் தலா 4,000 வந்துள்ளது. அரசின் பங்குக்கான விவரம் போர்ட்டலில் பதிவாகியுள்ளதா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்." வங்கி ஸ்டேட்மெண்டை இணையுங்கள். ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 11-ஆம் தேதி கேட்பது அவசரப்படுவது ஆகாது.

கூடுதல் நேரம்: பழகுநர் ஆலோசகரின் (இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் அதிகாரியின்) ஒப்புதல் இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் செய்ய வைக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. பிரிவு எண்ணை எடுத்த எடுப்பில் வீசாதீர்கள். "அண்ணா, அப்ரண்டிஸுக்கு ஓ.டி.க்கு அப்ரூவல் வாங்கணுமாம், எச்.ஆர்.ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?" என்றால் பாதி இடங்களில் அதோடு நின்றுவிடும்.

சான்றிதழுக்கு வருவோம். என்.ஏ.டி.எஸ். பயிற்சியை முடித்ததற்கான சான்றிதழை வழங்குவது தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம், சூப்பர்வைசர் அல்ல. தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஒப்பந்த எண்ணோடு எழுதுங்கள். எண் இல்லாத புகாரை எந்த அலுவலகத்திலும் தேடி எடுப்பது கஷ்டம்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். இரவு டூட்டியில் ரத்தம் எடுக்கும்போது ஊசி குத்திவிட்டது. பி.ஜி.யிடம் (மேற்படிப்பு படிக்கும் சீனியர் டாக்டரிடம்) சொன்னால் "பார்த்துச் செய்ய மாட்டியா" என்பார் என்று பயந்து, காலையில்தான் சொன்னேன். இனி இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்? செய்து பழகாத வேலையைத் தனியே செய்யச் சொன்னால் எப்படி மறுப்பது? *(வாசகி, மதுரை)*

பதில்: நீங்கள் காத்திருந்த அந்த மணிநேரங்கள்தான் இதில் பெரிய இழப்பு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் (பி.இ.பி.) முதல் டோஸை இரண்டு மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

குத்திய உடனே கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்றாதீர்கள். பிதுக்கினாலும் தேய்த்தாலும் அந்த இடத்துத் திசுதான் சேதமாகும். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரிலோ சலைனிலோ நன்றாக அலசுங்கள். பிறகு பி.ஜி.க்குப் போன்:

"சார், 11:40-க்கு எனக்கு நீடில் ஸ்டிக் ஆயிடுச்சு. 20 கேஜ், ரத்தம் இருந்த ஊசி. பெட் 9 பேஷண்ட். வைரல் மார்க்கர் ரிப்போர்ட் கேஸ் ஷீட்ல இல்லை. நான் இப்ப கேஷுவாலிட்டிக்கு பி.இ.பி. வாங்கப் போறேன். வார்டைப் பாத்துக்க யாரையாவது அனுப்புங்க."

"போகலாமா?" என்று கேட்காமல் "போறேன், ஆள் அனுப்புங்க" என்றே சொல்லுங்கள். இதில் அனுமதி கேட்க எதுவும் இல்லை. நோயாளிக்கு ஆலோசனை சொல்லி, சம்மதம் வாங்கி அவருடைய ரத்தத்தில் இந்தக் கிருமிகள் இருக்கின்றனவா என்று பரிசோதிப்பார்கள் (வைரல் மார்க்கர் என்பது அதுதான்). உங்களுடையதையும் அன்றே எடுத்து வைப்பார்கள். மஞ்சள்காமாலை பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கிறீர்களா, ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று தெரிந்திருந்தால் அந்த இடத்தில் நேரம் மிச்சம். தெரியாவிட்டால் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். சம்பவப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். பின்னால் எந்தக் கேள்வி வந்தாலும் அந்த வரிதான் பேசும்.

பழகாத வேலைக்கு, உதாரணமாக முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கும் லம்பார் பங்ச்சருக்கு: "மேடம், லம்பார் பங்ச்சர் ரெண்டு பாத்திருக்கேன், தனியா செஞ்சதில்லை. இந்த ஒண்ணுக்குக் கூட நில்லுங்க, அடுத்ததை நான் செய்யறேன்." எத்தனை பார்த்தீர்கள், எத்தனை செய்தீர்கள் என்ற எண்ணிக்கையைச் சொல்லுங்கள். "தெரியாது மேடம்" என்றால் திட்டு விழும். எண்ணிக்கை சொன்னால் என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். அவர் வர முடியாத அளவுக்கு வேலையில் இருந்தால், அந்த வேலை காத்திருக்கலாமா என்பதை அவர் வாயால் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

கேள்வி: சிவில் மூன்றாம் ஆண்டு. கட்டடத் தளத்தில் நான்கு வாரப் பயிற்சி. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறேன். எல்லாரும் ஆண்கள், எப்படிச் சொல்வது? *(வாசகி, கோவை)*

பதில்: தண்ணீரை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. வெயிலில் தண்ணீர் இல்லாமலும் அடக்கிக்கொண்டும் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். காய்ச்சலோடு படுத்தால் பயிற்சியே போய்விடும்.

"ஒரு பர்சனல் ப்ராப்ளம் சார்" என்று தொடங்க வேண்டாம். லீவு கேட்கிறீர்கள் என்று நினைத்து, "சரி, கிளம்பும்மா" என்பார். சிமெண்ட் எங்கே இறக்குவது என்று கேட்கிற அதே குரலில், "சார், சைட்ல லேடீஸுக்கு டாய்லெட் ஏற்பாடு வேணும். சைட் ஆபீஸ் டாய்லெட்டுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, ஒரு சாவி என்கிட்ட இருந்தாப் போதும். நாளைக்குள்ள முடியுமா?" என்று கேளுங்கள். வேண்டியதை நீங்களே சின்னதாக, செலவில்லாததாகச் சொல்லிவிட்டால் மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது. தாழ்ப்பாள், தண்ணீர், வாளி, மூடி போட்ட குப்பைத்தொட்டி. இவ்வளவும் ஒரே நாளில் முடிகிற வேலை. சைட் ஆபீஸிலும் கழிப்பறை இல்லையென்றால் பக்கத்தில் எந்த இடத்தைப் பயன்படுத்தலாம் என்று அவரையே பேசி வைக்கச் சொல்லுங்கள்.

அங்கே சித்தாள் வேலை செய்யும் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டீர்களா? அவர்களுக்கும் அதே கஷ்டம். "எங்களுக்கு" என்று அவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். நான்கு வாரத்தில் நீங்கள் கிளம்பினாலும் அந்தத் தாழ்ப்பாள் அங்கேயே இருக்கும்.

கேள்வி: வலது காது கேட்காது. இடது காதால் நன்றாகவே கேட்கும். மீட்டிங்கில் பாதி புரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறேன். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இல்லை. சலுகை கேட்க எனக்கு உரிமை உண்டா? *(வாசகர், சேலம்)*

பதில்: நாற்காலியை மாற்றிப் போடச் சான்றிதழ் எதற்கு? மேசையின் வலது ஓரத்தில், எல்லோரும் உங்கள் இடப்பக்கம் வரும்படி உட்காருங்கள். மீட்டிங் தொடங்கும் முன் டீம் லீடிடம், "எனக்கு வலது காது கேக்காது. இந்த ஓரத்துல உக்காந்தா எல்லாம் கேக்கும். வலது பக்கத்துலேர்ந்து கூப்பிட்டா நான் திரும்பலைன்னா, காதுல விழலைன்னு அர்த்தம்" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஆன்லைன் மீட்டிங்கில் பேச்சை எழுத்தாகக் காட்டும் கேப்ஷனை ஆன் பண்ணிக்கொள்ளுங்கள். முடிவானவற்றை மீட்டிங் முடிந்ததும் மூன்று வரியில் எழுதிக் குழுவில் போட்டு, "சரியா எழுதியிருக்கேனா?" என்று கேளுங்கள். தவறாகக் கேட்டது அங்கேயே தெரிந்துவிடும். தலையாட்டுவதுதான் ஆபத்து. புரிந்தது என்று நம்பி உங்களிடம் வேலையை ஒப்படைத்துவிடுவார்கள்.

கேள்வி: சின்ன விளம்பர நிறுவனம், உதவித்தொகை இல்லாத இன்டர்ன்ஷிப். மேனேஜர் ராத்திரியில் தவறான மெசேஜ் அனுப்புகிறார். இரண்டு முறை வேண்டாம் என்றேன். "ரிவ்யூல பாத்துக்கறேன்" என்கிறார். நீ ஊழியரே இல்லை, புகார் கொடுக்க முடியாது என்கிறது எச்.ஆர். *(வாசகி, சென்னை)*

பதில்: எச்.ஆர். சொன்னது தவறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் "ஊழியர்" என்றால் சம்பளம் வாங்காமல் வேலை செய்பவரும், பயிற்சியில் இருப்பவரும் சேர்த்திதான்.

மெசேஜ்களை அழிக்காதீர்கள், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவரிடமும் வைத்திருங்கள். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர்களோடு ஆறு நகல். பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால் அங்கே இந்தப் புகார்களை விசாரிக்கும் உள் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சின்ன இடமென்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் வழிகாட்டுவார்கள்.

புகாரின் கடைசியில் இந்த வரியைச் சேருங்கள்: "விசாரணை முடியும்வரை என் பணி மதிப்பீட்டை இவர் எழுதாமல், வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்." இப்படிக் கேட்க விதியிலேயே இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிக் கேட்டால்தான் குழு பரிந்துரைக்கும். கல்லூரி வழியாகப் போன இன்டர்ன்ஷிப் என்றால் பிளேஸ்மென்ட் அதிகாரிக்கும் ஒரு நகல் கொடுங்கள். அடுத்த வருடம் இன்னொரு மாணவியை அங்கே அனுப்பும் முன் அவர் யோசிக்க வேண்டும்.

கேள்வி: என் மகள் பெங்களூரில் இன்டர்ன். சாப்பிடக்கூட நேரம் இல்லை என்று போனில் அழுகிறாள். நான் அவளுடைய மேனேஜரிடம் பேசலாமா? *(தாய், தஞ்சாவூர்)*

பதில்: பேசாதீர்கள் அம்மா. உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் நீங்கள் பேசிய பிறகு அவர் மகளிடம் பேசுவதை விட்டுவிட்டு உங்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பிப்பார். மகளுக்கு உடம்பு முடியாமல் போய் போனை எடுக்காத நிலை வந்தால் மட்டும் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

அதற்குப் பதில் இன்று இரவு அவள் பேசும்போது, "என்னென்ன வேலை கொடுத்திருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மணி நேரம் ஆகுது, எழுதிக்கோ" என்று சொல்லுங்கள். எழுதியதை மேனேஜரிடம் காட்டி அவள் இப்படிக் கேட்கட்டும்: "இந்த வாரம் நாலு வேலை இருக்கு, மொத்தம் 55 மணி நேரம் ஆகும்னு கணக்கு வருது. 40 மணி நேரத்துல ரெண்டுதான் முடியும். எந்த ரெண்டை முதல்ல முடிக்கட்டும்?" பல இடங்களில் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக வேலை கொடுத்துக்கொண்டிருப்பார்கள், மொத்தம் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை காலண்டரில் "சாப்பாடு" என்று அவளே அடைத்து வைக்கட்டும். மேனேஜரிடம் போவதற்கு முன் உங்களிடம் ஒருமுறை அந்தக் கேள்வியைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மேனேஜராக இருந்து, "எல்லாமே அவசரம்தான்மா" என்று பதில் சொல்லுங்கள். அதற்கு அவள் "அப்ப இன்னைக்கு சாயங்காலம் உங்களுக்கு எது கையில வேணும் சார்?" என்று கேட்கப் பழகும்வரை.